சங்கிலி இல்லாத யானை: ரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் இருக்கும் குழந்தையை முதுமலைக்குக் கூட்டிப்போக ஒரு வழிகாட்டி

என் மகளுக்கு ஏழு வயதில் ஏ.எல்.எல். என்ற ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. அவளுக்கு யானைப் பைத்தியம் அதற்கும் நான்கு வருடம் முன்பே வந்துவிட்டது. வார்டில் மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது இன்னொரு கையால் யானை வரைவாள். ஒருநாள் நான், "ஊருக்குப் போனதும் கோயில் யானையைப் பாக்கலாம் பாப்பா" என்றேன். "கோயில் யானை இல்லம்மா. சங்கிலி இல்லாத யானை" என்றாள். அன்று தொடங்கி, முதுமலையில் அவள் அதைப் பார்க்க எங்களுக்கு ஒன்றே முக்கால் வருடம் ஆனது. அதில் சிகிச்சைக்குப் போன காலம் பாதி. மீதிப் பாதி, எதை யாரிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் அலைந்த காலம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் திருப்பூரில் இருக்கிறோம். சிகிச்சை கோவையில். உங்கள் ஊர் வேறாக இருந்தால் தூரத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் டாக்டர் இல்லை. இங்கே வரும் மருத்துவ அளவுகள் எங்கள் டாக்டர் எங்கள் குழந்தைக்காகச் சொன்னவை. உங்கள் குழந்தைக்கான அளவை உங்கள் டாக்டரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

1. சிகிச்சை எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

ஏ.எல்.எல். சிகிச்சை மொத்தம் இரண்டிலிருந்து மூன்று வருடம் வரை போகும். முதல் சில மாதங்கள் தீவிர சிகிச்சை. அந்த நேரத்தில் பயணத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்குப் போய்விடும். அதன் பிறகு வருவதுதான் 'மெயின்டனன்ஸ்'. தினமும் 6-எம்.பி. மாத்திரை, வாரம் ஒருநாள் மெத்தோட்ரெக்சேட், இடையிடையே வின்கிரிஸ்டின் ஊசியும் ஸ்டீராய்டும். பிள்ளைகள் முடி வளர்ந்து பள்ளிக்குக்கூடப் போகத் தொடங்கும் காலம் இது. பயணத்துக்கு ஏற்ற காலமும் இதுதான்.

'எல்லா மருந்தும் முடியட்டும், அப்புறம் போகலாம்' என்று நாங்களும் முதலில் நினைத்தோம். அப்படித் தள்ளிப்போட வேண்டிய அவசியம் இல்லை என்று எங்கள் டாக்டரே சொன்னார். கேட்காமல் இருந்திருந்தால் இன்னும் ஒரு வருடம் காத்திருந்திருப்போம்.

மெயின்டனன்ஸ் தொடங்கிய உடனே கிளம்பிவிடாதீர்கள். மாத்திரை அளவு உடம்புக்குச் சரிப்பட்டு ரத்த அளவுகள் ஒரு நிலைக்கு வர இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். நாங்கள் மூன்றாவது மாதத்துக்குப் பிறகுதான் பேச்சை எடுத்தோம்.

2. டாக்டரிடம் கேட்கும் விதம்

முதல் தடவை ஓ.பி. கூட்டத்துக்கு நடுவே, "டாக்டர், பாப்பாவ டூர் கூட்டிட்டுப் போலாமா?" என்று கேட்டேன். "இப்ப எதுக்குங்க டூர், வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். அவர் மேல் தப்பில்லை. என் கேள்வியில் இடம் இல்லை, தூரம் இல்லை, எதுவுமே இல்லை.

இரண்டாவது தடவை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன்: எந்த இடம், எத்தனை கிலோமீட்டர், எத்தனை இரவு, சொந்த வண்டியா வாடகை வண்டியா, எங்கே தங்குகிறோம், பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி, அங்கே போக எவ்வளவு நேரம், காட்டில் என்ன செய்வோம், என்ன செய்ய மாட்டோம். அவர் அதை வாங்கி உட்கார்ந்து படித்தார். இரண்டு இடங்களில் அடித்துத் திருத்தினார். யானை முகாமில் யானையைத் தொடுவது என்று நான் எழுதியிருந்ததை அடித்தார், மூன்று இரவை இரண்டாக்கினார். "இப்படிப் போங்க" என்றார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

அவரிடம் மறக்காமல் கேட்க வேண்டியவை சில உண்டு. ஏ.என்.சி. (தொற்றை எதிர்க்கும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை) எவ்வளவுக்கு மேல் இருந்தால் போகலாம்? தட்டணு (பிளேட்லெட்) எவ்வளவு இருக்க வேண்டும்? மலைப்பாதையில் வாந்தி வந்தால் என்ன மாத்திரை, எவ்வளவு? கீமோ மாத்திரை கொடுத்த கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்துவிட்டால் மறுபடி கொடுப்பதா, விடுவதா? கடைசிக் கேள்வியை நாங்கள் கேட்காமல் போய்க் குன்னூர் மலையேற்றத்தில் தவித்தோம். நீங்களாக மறுபடி கொடுத்துவிடாதீர்கள், போன் செய்து கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

3. தேதியை ரத்தம் முடிவு செய்யட்டும்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். பள்ளி விடுமுறை, அப்பாவின் லீவு, அத்தை குடும்பம் வரும் தேதி எதுவும் இந்தப் பயணத்தின் தேதியை முடிவு செய்யக் கூடாது.

நாங்கள் முதல் முறை காலாண்டு விடுமுறையைப் பார்த்துத் தேதி குறித்தோம். கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது எடுத்த ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணு 1,900, அதில் நியூட்ரோஃபில் 22 சதவீதம். அன்று ராத்திரியே காய்ச்சல். காட்டுக்குப் போக வேண்டிய நாளில் வார்டில் இருந்தோம். அறைக்குக் கட்டிய முன்பணம் 5,000 ரூபாய் திரும்பவில்லை. பணத்தைவிட, பையை எடுத்து வாசலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த குழந்தையிடம் 'இல்லை' என்று சொன்னதுதான் இன்னும் வலிக்கிறது.

ஏ.என்.சி. கணக்கை நீங்களே போடக் கற்றுக்கொள்ளுங்கள். மொத்த வெள்ளை அணு எண்ணிக்கையை நியூட்ரோஃபில் சதவீதத்தால் பெருக்கி 100-ஆல் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். மேலே சொன்ன நாளில் அது 418. 500-க்குக் கீழே போனால் தொற்று அபாயம் மிக அதிகம். இரண்டாவது முறை வெள்ளை அணு 3,200, நியூட்ரோஃபில் 45 சதவீதம், அதாவது 1,440. எங்கள் டாக்டர் வைத்த வரம்பு ஏ.என்.சி. 1,000, தட்டணு 1 லட்சம். இரண்டுமே அதற்கு மேலே இருந்தன, கிளம்பினோம்.

நாட்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி? எங்களுக்கு நான்கு வாரத்துக்கு ஒருமுறை வின்கிரிஸ்டினும் ஐந்து நாள் ஸ்டீராய்டும் இருந்தன. அந்த ஐந்து நாளும் அதை அடுத்த சில நாளும் கால் வலி, அழுகை, ஓயாத பசி. அந்த வாரங்கள் வேண்டாம். முதுகுத் தண்டில் ஊசி போட்ட வாரமும் வேண்டாம், தலைவலி இருக்கும், ஜீப் குலுக்கலை அந்தக் குழந்தை தாங்காது. எங்களுக்கு மூன்றாவது வாரம் ஒத்துவந்தது. அந்த வாரத்தில் செவ்வாய் முதல் வியாழன் வரை என்று வைத்துக்கொண்டோம். வார இறுதியிலும் நீண்ட விடுமுறையிலும் முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டிய மசினகுடி ஊர் நிரம்பி வழியும், அந்தக் கூட்டத்தில் ஒருவர் இருமினாலும் நமக்குத்தான் பயம்.

கிளம்புவதற்கு 48 மணி நேரத்துக்குள் சி.பி.சி. (ரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனை) எடுங்கள். அதற்கு முந்தைய வாரத்து ரிப்போர்ட்டை நம்பிக் கிளம்பாதீர்கள்.

குழந்தையிடம் தேதியைச் சொல்லவே வேண்டாம் என்பது என் கருத்து. இரண்டாவது முறை நாங்கள் சொல்லவில்லை. ரிப்போர்ட் வந்த மாலை, "நாளன்னிக்கு யானை பாக்கப் போறோம்" என்றோம். ஒரு இரவு தூங்காமல் கிடந்தாள். அது போதும்.

4. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

ஒரு பிளாஸ்டிக் கோப்பில் எல்லாவற்றையும் போட்டு, அதையே போனில் படமாகவும் எடுத்து வையுங்கள். காட்டுக்குள் சிக்னல் எல்லா இடத்திலும் கிடைக்காது, அதனால் வாட்ஸ்அப்பில் தேடிக்கொள்ளலாம் என்று நம்பாதீர்கள்.

முக்கியமானது டாக்டரின் அவசரக் கடிதம். 'பயணம் செய்யத் தகுதி உள்ளவர்' என்ற ஒரு வரி மட்டும் போதாது. நோயின் பெயர், சிகிச்சையின் கட்டம், இப்போதைய மருந்துகளும் அளவுகளும், கீமோபோர்ட் அல்லது பிக் லைன் (மருந்து ஏற்ற உடம்பில் பொருத்தி வைத்திருக்கும் குழாய்) இருக்கிறதா, ஒவ்வாமை, காய்ச்சல் வந்தால் எந்த ஆன்டிபயாடிக்கை எந்த அளவில் உடனே தொடங்க வேண்டும், இரவிலும் எடுக்கும் போன் எண். இத்தனையும் அதில் வேண்டும். ஆங்கிலத்தில் எழுதி வாங்குங்கள். காப்பகத்தின் வரவேற்பு மையம் இருக்கும் தெப்பக்காட்டிலிருந்து மைசூரு சுமார் 90 கிலோமீட்டர்தான், அவசரத்தில் அந்தப் பக்கம் போக நேர்ந்தால் அங்கிருக்கும் டாக்டரும் படிக்க வேண்டும்.

அதோடு கடைசி டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி மூன்று ரத்தப் பரிசோதனை, மருந்துச் சீட்டு, குழந்தை, பெற்றோர் ஆதார் நகல், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை. அந்தத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு என்றாலும், திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் மட்டும்தான் செல்லும். போகும் வழியில் எவை அதில் இருக்கின்றன என்று வீட்டிலேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று: ரயிலில் புற்றுநோயாளிகளுக்கும் துணைக்கு வருபவருக்கும் பெரிய கட்டணச் சலுகை இருக்கிறது. ஆனால் அது ஆஸ்பத்திரியில் சேர, பரிசோதனைக்குப் போய்வர மட்டும். யானை பார்க்கப் போகும் பயணத்துக்கு அந்தச் சான்றிதழைப் பயன்படுத்தக் கூடாது. எங்களுக்கு இப்படி ஒரு யோசனையைச் சொன்னவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனாலும் செய்யாதீர்கள். அடுத்த முறை சிகிச்சைக்குப் போகும்போது அந்தச் சலுகை நமக்குச் சிக்கலில்லாமல் கிடைக்க வேண்டும்.

5. இ-பாஸ், வழி, வண்டி

2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் போக இ-பாஸ் வேண்டும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வண்டி எண், ஆட்கள் எண்ணிக்கை, தேதி, தங்கும் இடம் கேட்பார்கள். கோடை சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்ற வரம்பு வைக்கிறார்கள், அப்போது கடைசி நேரத்தில் கிடைக்காமல் போகலாம். வாடகை வண்டி என்றால் வண்டி எண்ணை முந்தின நாளே உறுதி செய்துகொள்ளுங்கள். எங்களுக்குக் காலையில் வேறு வண்டி வந்தது. இ-பாஸில் இருந்தது பழைய எண். சோதனைச்சாவடியில் ஓரம்கட்டி நின்று புது பாஸ் எடுக்க 40 நிமிடம், வெயிலில், வண்டிக்குள் குழந்தை.

நாங்கள் போன வழி மேட்டுப்பாளையம், குன்னூர், ஊட்டி, கூடலூர், தெப்பக்காடு. நிறுத்தி நிறுத்திப் போக ஏழு மணி நேரம். போன் வரைபடம் ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்குக் குறுக்குவழி காட்டும். 36 கொண்டை ஊசி வளைவுகள், மிகச் செங்குத்தான இறக்கம். வெளியூர் வண்டிகளை அந்த வழியில் கீழே இறங்க விடுவதில்லை. ஏறி வரலாம், இறங்க முடியாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் வந்த ஒரு குடும்பம் திரும்பி கூடலூர் வழியாகச் சுற்றியதைப் பார்த்தோம். உடம்புக்கு முடியாத குழந்தைக்கு அந்தக் கூடுதல் இரண்டு மணி நேரம் பெரிய விஷயம்.

இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை புலிகள் காப்பகத்துக்குள் போகும் மைசூரு சாலையில் போக்குவரத்துத் தடை உண்டு. ஆம்புலன்சை விடுவார்கள். ஆனால் நம் வண்டிக்காக அந்த நேரத்தில் சோதனைச்சாவடியில் பேசிக்கொண்டிருப்பது நல்லதல்ல. சாயங்காலம் குழந்தை கொஞ்சம் சோர்வாகத் தெரிந்தாலும், இருட்டும் முன் எந்தப் பக்கம் இருப்பது என்று முடிவெடுங்கள்.

பேருந்து வேண்டாம். செலவை எங்கே வேண்டுமானாலும் குறைக்கலாம், வண்டியில் குறைக்காதீர்கள். டிரைவருக்குச் சளி, இருமல் இருக்கிறதா என்று முந்தின நாள் கேளுங்கள். நாங்கள் கேட்டோம். அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, வழி முழுக்க முகக்கவசம் போட்டிருந்தார்.

6. தங்குமிடம்

வனத்துறையின் தங்கும் விடுதிகள் தெப்பக்காட்டிலும் மசினகுடியிலும் உண்டு, புலிகள் காப்பகத்தின் இணையதளத்தில் பதிவு செய்யலாம். காட்டுக்கு நடுவே அருமையான இடங்கள். ஆனால் எங்கள் மாதிரிக் குடும்பத்துக்கு மசினகுடி ஊருக்குள் ஒரு சாதாரண அறை நல்லது என்று பட்டது. மருந்துக்கடை, வண்டி, மின்சாரம் எல்லாம் பக்கத்தில். தெப்பக்காட்டுக்கு 7 கிலோமீட்டர்தான்.

போனில் பேசும்போது நாலு விஷயம் கேளுங்கள்: தரைத்தளமா, வெந்நீர் உண்டா, மருந்து வைக்க ஃப்ரிட்ஜ் தருவார்களா, கடைசி நாளில் ரத்து செய்தால் பணம் திரும்புமா. 'திரும்பும்' என்று வாயால் சொன்னால் போதாது, செய்தியாக அனுப்பச் சொல்லுங்கள். நாங்கள் முதல் முறை 5,000 இழந்தது அதை எழுத்தில் வாங்காததால்தான்.

அறைக்குள் நுழைந்ததும் மூக்கை நம்புங்கள். ஈரச் சுவர் வாடை, பூஞ்சை வாடை அடித்தால் வேறு அறை கேளுங்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்த குழந்தைக்குப் பூஞ்சைத் தொற்று சாதாரண விஷயமில்லை. பழைய வீட்டு மாதிரி ஓட்டுக் கூரை, வௌவால் எச்சம், தரைவிரிப்பு, வைக்கோல் போட்ட குடில், இதெல்லாம் படத்தில் அழகாக இருக்கும். நமக்கு ஆகாது.

7. பையில் என்னென்ன

கீமோ மாத்திரைகளைத் தேவைக்கு மேல் மூன்று நாளுக்குச் சேர்த்து எடுங்கள், மண்சரிவு வந்து பாதை அடைபட்டால் என்ன செய்வது? அவற்றைப் பெற்றோரின் கைப்பையில் வையுங்கள், டிக்கியில் வேண்டாம். மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு நாள்தான். பயணக் குழப்பத்தில் தினமும் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. அந்த நாள் பயணத்துக்குள் வந்தால் அந்த ஒரு வேளை மாத்திரையைத் தனிக் கவரில் போட்டு, கிழமையை எழுதி ஒட்டுங்கள். பயண நாட்களில் வரவில்லை என்றால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு. ஒன்று நடுவழியில் பேட்டரி தீர்ந்தது. வாந்தி மாத்திரை, கைச் சுத்திகரிப்பான், முகக்கவசம், முழுக்கைச் சட்டை, நீளமான காலுறை, மூடிய ஷூ, தொப்பி. மெத்தோட்ரெக்சேட் சாப்பிடும் குழந்தைக்கு வெயில் சீக்கிரம் தோலைச் சுட்டுவிடும், சன்ஸ்கிரீன் கட்டாயம். காலையில் நல்ல குளிர், ஸ்வெட்டர் வேண்டும். பாராசிட்டமால் இருக்கலாம், ஆனால் அதை எப்போது கொடுக்கக் கூடாது என்று கீழே சொல்கிறேன். அவளுக்கு ஒரு பைனாகுலர், ஒரு நோட்டு, பென்சில். அதை மட்டும் அவளே எடுத்து வைத்தாள்.

8. தண்ணீரும் சாப்பாடும்

நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. சோதனைச்சாவடியில் பார்ப்பார்கள், வாங்கி வைத்துக்கொண்டு அபராதமும் போடுவார்கள். நம் குழந்தைக்குக் கொதிக்க வைத்த தண்ணீர்தான் கொடுக்க முடியும் என்பதால், வீட்டிலிருந்தே பெரிய ஸ்டீல் கேன்களில் கொண்டுபோய்விடுங்கள். அறையில் கெட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் ஒன்றை எடுத்துப் போங்கள்.

சாப்பாட்டில் எங்கள் விதி ஒன்றுதான்: கண் முன்னால் ஆவி பறக்க வந்தால் சாப்பிடலாம். தட்டில் இறங்கிய இட்லி சரி. காலையில் அரைத்து வைத்த தேங்காய்ச் சட்னி வேண்டாம். வெட்டி வைத்த பழம், சாலட், சாலையோர மாங்காய், ஜூஸ் கிடையாது. நாமே உரிக்கும் வாழைப்பழம், ஆரஞ்சு நல்லது.

9. காட்டில்

வனத்துறை சஃபாரி வண்டிகள் தெப்பக்காடு வரவேற்பு மையத்திலிருந்து காலையிலும் மாலையிலும் போகும். கட்டணமும் நேரமும் அவ்வப்போது மாறும், போகும் வாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கோடையில் காட்டுத்தீ அபாயம் இருந்தால் சஃபாரியை நிறுத்திவிடுவார்கள், அதையும் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். மசினகுடியில் சிலர் 'நைட் சஃபாரி' என்று கூப்பிடுவார்கள். அது சட்டவிரோதம். போகாதீர்கள்.

காப்பகத்தின் கள இயக்குநர் அலுவலகம் ஊட்டியில் இருக்கிறது. இரண்டு வாரம் முன்பே ஒரு கடிதம் எழுதி, டாக்டர் கடித நகலை இணைத்து, 'குழந்தைக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு, கூட்டத்தில் வரிசையில் நிற்க முடியாது, சஃபாரியில் முன் வரிசை வேண்டும்' என்று கேட்டோம். சலுகை கேட்கக் கூச்சமாக இருந்தது. கேட்டது நல்லதாகப் போயிற்று. அன்று பணியில் இருந்தவர்கள் எங்களை ஓரமாக உட்கார வைத்து, வண்டி கிளம்பும் நேரத்தில் கூப்பிட்டார்கள். கடிதம் அனுப்பினால் ஒப்புகைச் சீட்டைக் கையில் வைத்திருங்கள்.

இப்போது ஆபத்துகள். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

உண்ணி. முதுமலை, பந்திப்பூர்ப் பக்கத்தில் 2012-13-ல் குரங்குக் காய்ச்சல் கண்டறியப்பட்டிருக்கிறது, அது உண்ணிக் கடியால் பரவுவது. மழை விட்டுக் காடு காயத் தொடங்கும் மாதங்களிலிருந்து கோடை வரை உண்ணி அதிகம். குழந்தையைப் புல்லில், சருகில் இறக்கவே கூடாது. 'ஒரே ஒரு போட்டோ' என்று யார் சொன்னாலும் சரி. ராத்திரி குளிப்பாட்டும்போது அக்குள், காதுக்குப் பின், தொடை இடுக்கு, தலை எல்லாம் பாருங்கள்.

குரங்கு. தெப்பக்காட்டில் குரங்குகள் தின்பண்டப் பொட்டலத்தைப் பிடுங்க வரும். ஒரு கீறல் என்றாலும் வெறிநாய்க்கடி ஊசிக்கு ஓட வேண்டும். குழந்தை கையில் தின்பண்டம் கொடுக்காதீர்கள்.

முகாம் யானைகள். தெப்பக்காடு முகாமில் காலையும் மாலையும் யானைகளுக்குக் களி, கொள்ளு, வெல்லம் உருட்டிக் கொடுப்பதைப் பார்க்கலாம். தொடக் கூடாது, தும்பிக்கை வீச்சுக்குள் நிற்கக் கூடாது. வளர்ப்பு யானைகளுக்குக் காசநோய் வருவதுண்டு, அது மனிதருக்கும் யானைக்கும் இடையே பரவக்கூடியது. எங்கள் டாக்டர் அந்த வரியை அடித்தது இதற்காகத்தான். நாங்கள் தள்ளி நின்று பத்து நிமிடம் பார்த்தோம். அவளுக்கு அதில் அவ்வளவு ஆசை இல்லை. "இதுக்கெல்லாம் பேர் இருக்கும்மா. பேர் இல்லாததப் பாக்கணும்" என்றாள்.

தூசி. காய்ந்த பருவத்தில் ஜீப் கிளப்பும் புழுதி அப்படியே முகத்தில் அடிக்கும். சஃபாரி முழுக்க முகக்கவசம் வேண்டும். போர்ட் இருக்கும் பக்கத்துத் தோளில் சீட் பெல்ட் அழுத்தாமல் சின்னத் துண்டை மடித்து வையுங்கள். வண்டியில் கழிப்பறை கிடையாது, கிளம்பும் முன் போய்விட்டு வாருங்கள்.

யானை எங்கே தெரியும்? சஃபாரியில் தெரியலாம், தெரியாமலும் போகலாம். எங்களுக்குக் காலை சஃபாரியில் மான், காட்டெருமை, மயில்தான். அவள் ஒன்றும் பேசவில்லை. மாலையில் தெப்பக்காட்டுக்கும் மசினகுடிக்கும் இடையில் வண்டியை மெதுவாக ஓட்டச் சொன்னோம். அந்தச் சாலையில் நிறுத்துவது குற்றம், இறங்குவது அதைவிடப் பெரிய குற்றம், அபராதம் போடுவார்கள். முன்னால் போன வனத்துறை ஜீப் கை காட்டி எல்லா வண்டிகளையும் நிறுத்தியது. மூங்கில் புதரிலிருந்து முதலில் ஒரு பெரிய யானை வந்தது. அப்புறம் ஒவ்வொன்றாக வந்தன, மொத்தம் ஏழு, அதில் இரண்டு குட்டி. சாலையைக் கடந்து ஆற்றுப் பக்கம் இறங்கின. ஒரு குட்டி நடுச்சாலையில் நின்று எங்களைப் பார்த்தது, பின்னால் வந்த தாய் தும்பிக்கையால் தள்ளிக்கொண்டு போனது. இரண்டு நிமிடம் இருக்கும். பைனாகுலரை எடுக்கவே இல்லை. என் கையைப் பிடித்திருந்தாள், அவள் கை சில்லென்று இருந்தது. காய்ச்சலா என்று பதறி நெற்றியைத் தொட்டேன். இல்லை.

குறைந்தது இரண்டு மாலையாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது இதனால்தான். ஒரு நாள் பயணமாகப் போயிருந்தால் மானோடு திரும்பியிருப்போம்.

10. காய்ச்சல் வந்தால்

காலை, மதியம், மாலை, படுக்கும் முன் என்று நான்கு முறை வெப்பநிலை பார்த்து எழுதுங்கள். 101 ஒரு முறை வந்தாலோ, 100.4 ஒரு மணி நேரம் நின்றாலோ எங்களுக்கு அது அவசரம். முதலில் டாக்டருக்குப் போன், கிடைக்கவில்லை என்றால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரி. போன் செய்யும் முன் பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். காய்ச்சல் இறங்கியதாகக் காட்டும், உள்ளே தொற்று ஏறிக்கொண்டிருக்கும். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் அவசரக் கடிதத்தை நீட்டி, "கீமோ குழந்தை, காய்ச்சல், ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் வேண்டும்" என்று சொல்லுங்கள். வரிசையில் உட்காராதீர்கள்.

தெப்பக்காட்டிலிருந்து கூடலூர் அரசு மருத்துவமனை சுமார் 18 கிலோமீட்டர். ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஏறிப் போய்விடலாம். 108-க்கு அழைக்கும்போது இடத்தைச் சொல்லத் திணறாதபடி அறையின் முகவரியையும் பக்கத்து அடையாளத்தையும் தாளில் எழுதிக் கதவில் ஒட்டிவிடுங்கள்.

11. செலவு

நான்கு பேர், இரண்டு இரவு. வண்டி 450 கிலோமீட்டர், டிரைவர் பேட்டாவோடு 8,250 ரூபாய். அறை 7,000. இரண்டு சி.பி.சி. 700. தெர்மாமீட்டர், முகக்கவசம், ஸ்டீல் கேன் வகையறா 2,500. சஃபாரி, சாப்பாடு, மற்றவை 4,500. மொத்தம் 22,950.

இது கையை மீறும் குடும்பங்களுக்கு: மேக் எ விஷ் இந்தியா போன்ற அமைப்புகள் 3 முதல் 18 வயது வரை கடுமையான நோயுள்ள குழந்தைகளின் ஆசையை இலவசமாக நிறைவேற்றுகின்றன. உங்கள் வார்டின் சமூகப் பணியாளரிடம் கேட்டால் வழி சொல்வார். குழந்தையின் டாக்டர் சம்மதம் வேண்டும், நேரமும் பிடிக்கும், அதனால் மெயின்டனன்ஸ் தொடங்கும்போதே கேட்டு வையுங்கள். 'பதிவுக் கட்டணம்' என்று யாராவது பணம் கேட்டால் அவர் அந்த அமைப்பைச் சேர்ந்தவர் இல்லை. உங்கள் குழந்தையின் படத்தையும் ரிப்போர்ட்டையும் போனில் யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள்.

12. திரும்பி வந்த பிறகு

பயண உடுப்புகளை வெந்நீரில் துவையுங்கள், இன்னொரு முறை உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு வாரத்துக்குத் தினமும் வெப்பநிலை குறிக்க வேண்டும். அந்த நாட்களில் காய்ச்சல் வந்தால், "காட்டுக்குப் போய் வந்தோம்" என்று டாக்டரிடம் முதல் வரியிலேயே சொல்லுங்கள், அவர் யோசிக்கும் விதமே மாறும். பயணத்தில் அம்மை போட்ட யாராவது பக்கத்தில் இருந்தது பிறகு தெரிய வந்தாலும் அன்றே சொல்லுங்கள். அதற்கான தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறார்களோ அவ்வளவு நல்லது.

அடுத்த சி.பி.சி. எங்களுக்குப் பத்தாவது நாள். ரத்தம் எடுக்கும் சிஸ்டரிடம் வழக்கமாகக் கையை இழுத்துக்கொள்வாள். அன்று நோட்டைத் திறந்து, ஏழு யானையையும் வரிசையாகக் காட்டிக்கொண்டே இன்னொரு கையை நீட்டியிருந்தாள். ஏ.என்.சி. 1,310.